ரங்கசாமி மலையில் ஒரு டகோட்டா

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய பஸ் உறுமிக்கொண்டே கிளம்பாமல் நின்றால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “இது சரியான டகோட்டாப்பா.” தமிழ்நாடு முழுக்க அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. ஓட்டை உடைசல் வண்டி என்றால் டகோட்டா. அது ஒரு விமானத்தின் பெயர் என்பது சொல்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு சுருக்கென்கும். பதினொரு வருஷம் அந்த விமானத்தின் என்ஜினைக் கழற்றி மாட்டிய கை இது.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டிதான் (படுகர் கிராமம்) என் ஊர். 1951 ஏப்ரலில் பிறந்தேன். பத்தொன்பது வயதில் விமானப்படைக்குப் போனேன். தாம்பரத்தில் என்ஜின் ஃபிட்டர் பயிற்சி முடிந்ததும் அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் டகோட்டாவை முதலில் கிட்டத்தில் பார்த்தேன். மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி வரிசையாக நின்றன. பின்கதவு வழியாக உள்ளே ஏறினால் தளம் சரிவாக மேலே போகும். பைலட் இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் தேயிலைச் சரிவில் ஏறுவது போலத் தொடை வலிக்கும். மலைக்காரனான எனக்கு அது பிடித்துப்போயிற்று.

இரண்டு என்ஜின். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர், ஏழேழாக இரண்டு வட்டம். பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் ட்வின் வாஸ்ப். ஒரு என்ஜினுக்கு 1,200 குதிரைசக்தி. சிலிண்டர்களை வட்டமாக அடுக்கியிருப்பதால் ராத்திரி முழுக்க எண்ணெய் மெல்ல இறங்கி, அடியில் இருக்கும் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அது தெரியாமல் காலையில் ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் எண்ணெயை அமுக்க முடியாமல் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் விடியற்காலையில் எங்கள் முதல் வேலை, ப்ரொப்பெல்லரைக் கையால் பிடித்து இழுத்துச் சுற்றுவது. ஒரு ஆள் இழுத்து விலக, அடுத்த ஆள் அடுத்த பிளேடைப் பிடிப்பான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே இழுப்போம். எங்காவது இறுகி நின்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பலத்தைக் காட்டக் கூடாது. கீழ் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயை வடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு இருமல், குப்பென்று நீலப் புகை, அப்புறம் ஒவ்வொரு சிலிண்டராக விழித்துக்கொண்டு சேர்ந்து முழங்கும். எழுபது வயது தாண்டியும் அந்தச் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை.

இந்த விமானம் போருக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் டக்ளஸ் கம்பெனி, பயணிகள் இரவில் படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம் என்று கட்டிய விமானம் இது. கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்தது. பெயர் டி.சி-3. போர் வந்ததும் படுக்கைகள் போய், தளம் பலப்பட்டு, ஜீப் ஏற்றும் அளவுக்குப் பக்கவாட்டில் அகலக் கதவு வந்து, அதுவே சி-47 ஆயிற்று. டகோட்டா என்பது பிரிட்டிஷ் விமானப்படை வைத்த பெயர். பத்தாயிரத்துக்கும் மேல் அமெரிக்காவில் மட்டும் கட்டினார்கள். ரஷ்யர்கள் உரிமம் வாங்கித் தங்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். போருக்கு முன்பே உரிமம் வாங்கியிருந்த ஜப்பானியர்களும் கட்டினார்கள். அதாவது சண்டையின் இரண்டு பக்கமும் சரக்கு சுமந்தது ஒரே விமானம்! போரை ஜெயிக்க உதவிய கருவிகளில் ஒன்றாக இதைப் பின்னாளில் ஐசனோவர் சொன்னார். அவர் பட்டியலில் இதோடு இருந்தவை ஜீப், லாரி, புல்டோசர். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை.

அதன் எலும்பு எவ்வளவு உறுதி என்பதற்கு எங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1941-ல் சீனாவில் ஒரு டி.சி-3 தரையில் நின்றபோது ஜப்பானியர் குண்டு போட்டதில் வலது இறக்கை போய்விட்டது. மாற்று இறக்கை கையில் இல்லை. இதற்கு முந்தைய சின்ன மாடலான டி.சி-2 விமானத்தின் இறக்கை ஒன்று ஹாங்காங்கில் கிடந்தது. அதை இன்னொரு விமானத்தின் வயிற்றடியில் கட்டிப் பறந்து கொண்டுபோய் மாட்டினார்கள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. அப்படியே கிளம்பிப் பறந்து போய்ச் சேர்ந்தது. டி.சி இரண்டரை என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

போர் முடிந்ததும் இந்தியாவில் நின்றுபோன டகோட்டாக்கள் சல்லிசாக விலைக்கு வந்தன. பெங்களூரில் எச்.ஏ.எல். அவற்றைப் பிரித்துச் செப்பனிட்டு, சிப்பாய்கள் உட்கார்ந்த பெஞ்சை எடுத்துவிட்டுப் பயணிகள் இருக்கை போட்டுக் கொடுத்தது. நம் நாட்டு விமானக் கம்பெனிகள் நிமிர்ந்து நின்றது இந்தப் போர் மிச்சத்தின் மேல்தான். 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்கு விட்டபோது அதுவும் டகோட்டா. சீதா தேவி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர்களையும் சென்னைக்காரர்களையும் வானத்தில் சேர்த்துவைத்தவள் அவள்.

எங்கள் நீலகிரிக்கு இந்த விமானத்தோடு நெருக்கம் அதிகம் என்பேன். குன்னூரில் கடைசிவரை வாழ்ந்த ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷாவை மலையில் தெரியாதவர் கிடையாது. 1947 அக்டோபர் கடைசி வாரத்தில், பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்கள் ஸ்ரீநகரை நெருங்கிய வேளையில், காஷ்மீர் மகாராஜாவைப் பார்க்க இந்திய அரசின் செயலாளர் வி.பி.மேனன் ஸ்ரீநகர் போனபோது கூடப் போன ராணுவ அதிகாரி அவர்தான், போனது டகோட்டாவில். அடுத்து அக்டோபர் 27 காலையில் டெல்லியிலிருந்து முதல் சீக்கியப் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு டகோட்டாக்கள் கிளம்பின. ஸ்ரீநகர் ஓடுதளம் யார் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமலே போனார்கள். மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். தார் போடாத தரை. ஒன்று இறங்கி எழும்பும் புழுதி அடங்குமுன் அடுத்தது இறங்கியது. அந்தப் பட்டாலியனை நடத்திப்போன கர்னல் திவான் ரஞ்சித் ராய் அன்றே வீரமரணம் அடைந்தார். ஆனால் ஸ்ரீநகர் தப்பியது.

அடுத்த வருஷம் மே 24 அன்று விமானப்படை அதிகாரி மெஹர் சிங், ஜெனரல் திம்மய்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டகோட்டாவை லடாக்கின் லே-யில் இறக்கினார். பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில், சோனம் நோர்பு என்ற இன்ஜினீயர் அவசரமாகச் சமன் செய்து வைத்திருந்த மணல்வெளி. காற்றழுத்தம் கட்டிய கேபின் இல்லை. வரைபடமும் சரியாக இல்லை. நான் ஃபிட்டராக இருந்தபோது அந்தக் கதையைக் கேட்டு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன். அந்த உயரத்தில் மெலிந்த காற்றை இழுத்து அந்த என்ஜின் எப்படி மூச்சு விட்டிருக்கும் என்றுதான் யோசனை ஓடும்.

இதையெல்லாம் கேட்கிறவர்கள் டகோட்டா சாகாத விமானம் என்பார்கள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷம் முன்பு என் பேத்தி கோவையிலிருந்து போன் செய்தாள். கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறவள்.

“தாத்தா, ஏபிரகாம் வால்ட்னு ஒருத்தரைப் பத்தி இன்னிக்கு கிளாஸ்ல எடுத்தாங்க. கோத்தகிரி மலைல விழுந்த ப்ளேன்ல செத்துப்போனாராம். உங்களுக்குத் தெரியுமா?”

ரங்கசாமி மலைப் பக்கம் ஒரு ப்ளேன் விழுந்தது என்று சின்ன வயதில் ஹட்டிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பிறப்பதற்கு நாலு மாதம் முன்னால் நடந்தது அது. 1950 டிசம்பர் 13. கோவைக்கு வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் டகோட்டா. இறக்கையில் எழுதியிருந்த எண் வி.டி-சி.எஃப்.கே. நீலகிரியின் வடகிழக்கு ஓரத்தில் ரங்கசாமித் தூண் என்ற தனிப்பாறை அருகே மோதி விழுந்தது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். இவ்வளவு எனக்குத் தெரியும். அதில் இருந்தவர்களில் ஒருவர் யார் என்பதை என் பேத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு வயது எழுபதுக்கு மேல். வெட்கமாகவே இருந்தது.

வால்ட் 1902-ல் கொலொஸ்வாரில் பிறந்த யூதர். அந்த ஊர் அப்போது ஹங்கேரியில், இப்போது ருமேனியாவில். வியன்னாவில் கணிதம் படித்தார். ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938-ல் அமெரிக்கா போய்த் தப்பினார். பின்னால் தங்கிவிட்ட அவர் குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளின் கையில் அழிந்தார்கள். போர்க்காலத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்த புள்ளியியலாளர் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவர் முன் வந்த கேள்விகளில் ஒன்று விமானம் பற்றியது.

சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களை எண்ணி வைத்திருந்தார்கள். இறக்கையில் இத்தனை, உடம்பில் இத்தனை, என்ஜினில் இத்தனை. எல்லா இடத்திலும் இரும்புக் கவசம் போட்டால் விமானம் எழும்பாது. எங்கே போடுவது? ஓட்டை அதிகம் இருக்கும் இடத்தில் போடலாம் என்று தோன்றும். வால்ட் வேறு மாதிரி பார்த்தார். உங்கள் கையில் இருக்கிற எண்ணிக்கை திரும்பி வந்த விமானங்களுடையது. குண்டு எங்கேயும் விழக்கூடியதுதான். என்ஜினில் ஓட்டையோடு திரும்பியவை குறைவு என்றால், என்ஜினில் அடிபட்டவை திரும்பவில்லை என்று அர்த்தம். கவசம் அங்கே வேண்டும். 1943-ல் இதை வரிசையாகப் பல குறிப்புகளில் கணக்குப் போட்டு எழுதினார். கைக்கு வராத விமானங்களின் காயத்தை, கைக்கு வந்தவற்றை வைத்தே கணிக்கும் வழி அது. விமானப் படத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்து இப்போது எங்கும் ஒரு படம் சுற்றுகிறதே, அது பிற்காலத்தில் யாரோ வரைந்தது. அவர் எழுதியது முழுக்கச் சமன்பாடு.

பேத்தி இதை விளக்கியபோது எனக்கு உடனே எங்கள் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. நூறு வயதுச் செடிகள் சில இன்னும் கொழுந்து தருகின்றன. அந்தக் காலத்து நாற்றே வலுவானது, இப்போது வருவது எல்லாம் சவலை என்பார் என் அப்பா. அந்தக் காலத்தில் நட்டதில் எத்தனை பட்டுப்போயின, எத்தனை குழியில் மறு நாற்று நட்டார்கள் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. நின்ற செடியைத்தான் பார்த்தோம்.

ஜோர்ஹாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு புத்தகம் உண்டு. பறந்து வந்த பைலட் கோளாறை அதில் எழுதுவார். நாங்கள் சரிசெய்து கையெழுத்துப் போடுவோம். இடது என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைவு, வால் சக்கரம் ஆடுகிறது, வலது மேக்னெட்டோ சரியில்லை. டகோட்டா பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் புத்தகங்களிலிருந்து வந்தது. திரும்பி வந்த விமானங்கள் சொன்னதைக் கேட்டுப் படித்தவன் நான். இவ்வளவு அடி வாங்கியும் வந்துவிடுகிறதே என்று மெச்சினேன். வராதவற்றுக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கம் கிடையாது. 1953 டிசம்பரில் நாக்பூரில் இரவுத் தபால் டகோட்டா ஒன்று கிளம்பிய உடனே என்ஜின் நின்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். அந்த மாதிரிக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் டகோட்டாவின் வரலாறு முழுசாகும். வால்ட் அவ்வளவு தெளிவாக எழுதிக் காட்டிய விஷயத்தை, அவர் விழுந்த மலையில் பிறந்து, அவர் போன ரக விமானத்திலேயே வேலை பார்த்த நான் ஐம்பது வருஷம் யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

போர் முடிந்ததும் அவர் பெரிய புத்தகங்கள் எழுதினார். தொழிற்சாலையில் ஒரு சரக்கு நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க எத்தனை எடுத்துப் பார்த்தால் போதும் என்பதற்கு அவர் தந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. 1950-ல் இந்திய அரசு அழைத்ததால், மனைவியோடு சொற்பொழிவுகளுக்காக வந்தார். வயது 48. கணவனும் மனைவியும் ஒன்றாகவே போய்விட்டார்கள். அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் இருந்தன. மகன் ராபர்ட் வால்ட் வளர்ந்து, ஈர்ப்பு விசை ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இயற்பியலாளர் ஆனார்.

விபத்துக்குத் திசைக் கணிப்பில் நேர்ந்த பிழை காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்து விமானத்தில் ரேடியோ திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், பைலட்டின் மனக்கணக்கு இவ்வளவுதான். தரை தெரியாவிட்டால், இத்தனை நிமிடம் இந்த வேகத்தில் இந்தத் திசையில் வந்தோம், ஆகவே இங்கே இருக்கிறோம் என்று கணிப்பார்கள். பக்கக் காற்று தள்ளியது தெரியாமல் போனால் கணக்கு தப்பும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து முந்நூறு அடி. அதன் வடமேற்கில் எழும் எங்கள் மலை தொட்டபெட்டாவில் எட்டாயிரத்து அறுநூறு அடி. ரங்கசாமித் தூண் இருப்பது மலையின் வடகிழக்கு விளிம்பில், மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. அதையும் தாண்டினால் சமவெளி. வடக்கேயிருந்து கோவைக்கு வருகிற விமானம் கொஞ்சம் மேற்கே ஒதுங்கினாலும் அந்த விளிம்புதான் முன்னால் வந்து நிற்கும். என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை. நான் இழுத்துச் சுற்றி எண்ணிய ப்ரொப்பெல்லரால் ஒரு மலையை ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக வரும். கார்த்திகை, மார்கழியில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தால் பத்தடி முன்னால் நிற்கிற மாடு தெரியாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த ஹெலிகாப்டர், காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேர் போனார்கள். பள்ளத்தாக்கில் திடீரென்று சூழ்ந்த மேகத்துக்குள் நுழைந்து பைலட் திசை தடுமாறியதைக் காரணமாக விசாரணை சொன்னது. எழுபத்தோரு வருஷ இடைவெளி, அதே மாதம், அதே மலை. கம்பளியும் குடத்தில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடிய அந்தக் குடியிருப்பு மக்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

டகோட்டாவை நம் விமானப்படை எண்பதுகளின் கடைசியில் ஓய்வாக்கிவிட்டது. உலகம் முழுக்கவும் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை சொற்பம். குப்பையாகக் கிடந்த ஒன்றை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிட்டு விமானப்படைக்குக் கொடுத்தார். அவர் அப்பா ஏர் கமோடோர் எம்.கே.சந்திரசேகர் டகோட்டா பைலட்டாக இருந்தவர். 2018 ஏப்ரலில் அது கோவென்ட்ரியிலிருந்து கிளம்பி, தானே பறந்து ஜாம்நகர் வந்து சேர்ந்தது. பரசுராமர் என்று பெயர் சூட்டினார்கள். ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் நினைவாக வி.பி.905 என்ற எண்ணை வாலில் எழுதினார்கள். 2021 குடியரசு தினத்தன்று இரண்டு ஹெலிகாப்டர்கள் பக்கத்தில் வர அது டெல்லி வானத்தில் போனதை டிவியில் பார்த்தேன். அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருந்ததால் என்ஜின் சத்தம் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் வாயை மூடியிருக்கலாம்.

போன டிசம்பரில் பேத்தி லீவுக்கு வந்தபோது கோடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோத்தகிரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். போய் இறங்கியபோது எதிரே வெறும் வெள்ளை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அரைமணி கழித்து மேகம் விலகியது. கீழே மாயாறு கோடு போல ஓடியது. அதற்கு இந்தப் பக்கம் ரங்கசாமி மலை. இருளர்களும் எங்கள் படுகர் மக்களும் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிற மலை. அதன் அருகே தனியாக, செங்குத்தாக, நானூறு அடி உயரத்துக்கு நின்றது ரங்கசாமித் தூண்.

“அங்கிருந்து கோவை பீளமேடு ஏர்போர்ட் எவ்வளவு தூரம் தாத்தா?”

“நேர்கோட்டுல அம்பது கிலோமீட்டர் இருக்கும்.”

“டகோட்டாவுக்கு எவ்வளவு நேரம்?”

மணிக்கு இருநூற்று அறுபது கிலோமீட்டர் என்று வைத்து மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.

“பன்னெண்டு நிமிஷம்மா.”

அவள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். நானும் நின்றேன். அவள் நிமிர்ந்து “ஆச்சு தாத்தா” என்று சொன்னபோது தூணின் மேல்பாதி மறுபடி மேகத்துக்குள் போயிருந்தது.